ஹோல்ம் வீட்டுக் கினேயாத் துணி

எங்கள் கட்டடத்தின் வாசலில், படியேறும் இடத்துக்குப் பக்கத்தில், தபால்பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒஸ்லோ நகரின் ஓரத்திலுள்ள ஹவுகன்ஸ்டுவாவுக்குக் குடிவந்த புதிதில், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயர்களை வாசிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. எங்கள் பெயர், இரண்டு சோமாலியப் பெயர்கள், பாகிஸ்தான்காரரின் பெயர்கள், வாயில் நுழையாத ஒரு போலந்துப் பெயர். எல்லாவற்றுக்கும் நடுவே மூன்றாம் மாடிக்குரிய பெட்டியில் ‘ஹோல்ம்’ என்று இருந்தது. சுத்தமான நோர்வேப் பெயர். எங்கள் படிக்கட்டில் மிச்சமிருக்கும் ஒரேயொரு நோர்வேக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி இறந்துபோன, பிள்ளைகள் வந்து பார்க்காத, கதவைத் திறக்க விரும்பாத ஒரு கிழவரை என் மனம் தானாகவே செய்து வைத்திருந்தது. வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பாளனாக வேலை செய்பவனுக்கு இப்படியான கற்பனை சுலபமாக வரும். ஒரு நாள் ஹோல்முக்கு வந்த கடிதம் எங்கள் பெட்டியில் கிடந்தது. அதைக் கொடுக்கும் சாட்டில் அந்த மனிதர் நலமாக இருக்கிறாரா என்றும் பார்க்கலாமென்று மேலே போய் மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவள் ஐம்பது வயது மதிக்கத்தக்க, நல்ல உயரமான கறுப்பினப் பெண். தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள்.

ஹோல்ம் இருக்கிறாரா என்று நோர்வே மொழியான நொஸ்க்கில் கேட்டேன். நான்தான் என்றாள். இல்லை, ஹோல்ம் என்றேன் மறுபடியும், அவளுக்கு விளங்கவில்லை என்று எண்ணி. அவள் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கணவரின் பெயரோ என்று கேட்டேன். “இல்லை, அப்பான்ரை பேர். அவற்றை அப்பான்ரை பேரும் அதுதான்,” என்றாள். நாங்கள் அன்று கதைத்தது பாதி ஆங்கிலமும் பாதி நொஸ்க்கும். பிறகும் அப்படியேதான். இங்கே எல்லாவற்றையும் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

அவள் பெயர் டெடே. அவர்களுடைய மொழியில் மூத்த பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயர். சொந்த ஊர் கானாவின் தலைநகரான அக்ரா. பேர்கனில் தங்கையோடு சில வருடங்கள் இருந்துவிட்டு, ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாடு தயாரிக்கும் வேலை கிடைத்து ஒஸ்லோவுக்கு வந்தவள். அக்ராவில் நானும் நாலு மாதம் இருந்தனான் என்று சொன்னேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எந்தப் பகுதியில் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

உண்மையிலேயே தெரியாது. இருபத்திரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட என்னை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் கொண்டுபோய் விட்ட இடங்களில் ஒன்று அக்ரா. ஒரு வீட்டின் பின்னறையில் ஏழு தமிழ்ப் பெடியன்கள். சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். தினமும் ஒரு பெண் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவளின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். தூரத்தில், பாறைமேல், கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய வெள்ளைக் கோட்டை நின்றது. அது என்னவென்று, கூட வந்திருந்த அந்தச் சமையல்காரப் பெண்ணிடம் கேட்டேன். “கவர்ன்மென்ட்,” என்றாள். கிட்டப் போகவோ படம் எடுக்கவோ கூடாது என்று கையால் காட்டினாள். இராணுவம் இருந்த எங்களூர் ஒல்லாந்தர் கோட்டை ஞாபகம் வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் கோட்டைக்குக் கிட்டப் போகக்கூடாது என்பதுதான் விதி என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அந்தக் கோட்டையின் நிழலில் இருக்கிற ஓசு என்ற இடம்தான் டெடேயின் ஊர். அதைக் கட்டியவர்கள் இங்கிருந்து போனவர்கள். நோர்வேயும் டென்மார்க்கும் ஒரே அரசனின் கீழ் ஒரே இராச்சியமாக இருந்த காலத்தில், அந்த இராச்சியத்தின் கப்பல்கள் கினேயா என்று அழைத்த அந்தக் கரைக்குப் போயின. மனிதர்களை வாங்கிக் கோட்டையின் நிலவறைகளில் அடைத்து வைத்து, கடல் கடந்து கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றின. கோட்டையில் வேலைக்குப் போன இளைஞர்கள் ஓசுப் பெண்களோடு குடும்பமானார்கள். அவர்களின் பெயர்கள்தான் இன்றும் ஓசுவின் வீட்டு வாசல்களில் இருக்கின்றன. “நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் நாள், விமான நிலையத்திலை என்ரை பாஸ்போர்ட்டைப் பாத்த பொலிஸ்காரன் சிரிச்சவன். வீட்டுக்கு வாங்கோ ஹோல்ம் எண்டவன். அவனுக்கு அது பகிடி,” என்றாள் டெடே.

நான் கொண்டுபோன கடிதம் தெற்குக் கரையோரக் கிராமம் ஒன்றின் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திலிருந்து வந்திருந்தது. இரண்டு வருடமாக அவள் இப்படியான சங்கங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தாளாம். நீர் வாசிச்சுச் சொல்லும் என்று என்னிடமே தந்தாள். எங்கள் பக்கத்தில் ஓலவ் ஹோல்ம் என்ற முதியவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய குடும்பத்தில் கினேயாவுக்குப் போன ஒருவரைப் பற்றிய கதை உண்டு, நீங்கள் வந்தால் சந்திக்கச் சம்மதம், ஆனால் அவருக்கு ஆங்கிலம் வராது என்று எழுதியிருந்தது. வாசித்து முடித்தபோது டெடே கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீர் என்னோடை வருவீரே?” என்று கேட்டாள். அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் எங்களுக்கு அறிமுகம்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சுகந்தி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். “இஞ்சாருங்கோ, ஆரெண்டு தெரியாத ஒரு ஆளுக்காக, ஆரெண்டு தெரியாத இன்னொரு ஆளிட்டைப் போகப்போறியளோ?” என்றாள். எங்கள் மகள் அபிரா இங்கேயே பிறந்தவள், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறாள். அவள் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “அப்பா, கட்டாயம் போங்கோ. ஸ்கூலிலை எங்களுக்கு இதைப்பற்றி ஒரு பக்கம் கூட ஒழுங்காப் படிப்பிக்கேல்லை. அது டென்மார்க்கின்ரை வேலை, நாங்கள் சின்ன நாடு எண்டு சொல்லிட்டு விட்டுடுவினம்.” பிறகு அவளே ஒரு கேள்வி கேட்டாள். “தரங்கம்பாடி எண்ட இடம் உங்களுக்குத் தெரியுமே? அங்கையும் அதே ராஜ்ஜியத்தின்ரை கோட்டைதான். முதல் முதல் அவையள் கப்பல் கொண்டுவந்து இறங்கினது எங்கை தெரியுமே? திருகோணமலையிலை. கண்டி ராசாவோடை பேச்சு சரிவரேல்லை, அதுக்குப் பிறகுதான் தரங்கம்பாடிக்குப் போனவை.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எனக்குப் பிடித்த பாடம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாக ஒப்புவிப்பேன். ஆனால் அந்தச் சரித்திரத்தில் கப்பல் எங்கள் துறைமுகத்தில் தோன்றும், எங்கள் துறைமுகத்திலிருந்து மறைந்துபோகும். எங்களிடம் வருவதற்கு முதல் அது எந்தக் கரையில் நின்றது, எங்களிடம் ஏற்றிய சாமானை எங்கே கொண்டுபோய்க் கொடுத்து எதை வாங்கியது என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உலகத்தின் துன்பமெல்லாம் எங்கள் கரையில்தான் வந்து இறங்கியது என்ற ஒரு எண்ணத்தோடே வளர்ந்துவிட்டேன். இங்கே அகதியாக வந்த பிறகு அந்த எண்ணம் இன்னும் இறுகிப்போனது. ஆபிரிக்கா என்றால் நான் ஒளித்திருந்த ஒரு அறை. அவ்வளவுதான்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் என் காரில் புறப்பட்டோம். டெடே நீல நிறத்தில் நல்ல உடுப்பு உடுத்தி, மடியில் ஒரு கேக் பெட்டியை வைத்திருந்தாள். வழி முழுக்க அதிகம் கதைக்கவில்லை. அந்தத் தெற்குக் கரை எனக்குப் பழக்கமானது. அகதியாக வந்தவுடன் என்னை முதலில் குடியேற்றியது அங்கேதான், நான் நொஸ்க் படித்ததும் அங்கேதான். ஒஸ்லோக்காரர் இன்னமும் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பக்கத்தார் வல்லின எழுத்துகளை மென்மையாக்கிவிடுவார்கள். கேக்கை ஒஸ்லோவில் ‘காக்கெ’ என்றால் அங்கே ‘காகெ’. ஒரே ‘க’வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலிகளையும் சமாளிக்கிற எங்களுக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. டெடேக்கு மட்டும் அந்தப் பேச்சு வேறு மொழிபோலவே கேட்குமாம். என் பேச்சில் அந்தச் சாயலைக் கண்டுதான் அன்றைக்கு என்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

ஓலவ் ஹோல்மின் வீடு கடலுக்கு மிகக் கிட்ட, வெள்ளைப் பூச்சுப் பூசிய மரவீடு. படகு திருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எண்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “காலமையே வந்திட்டுப் போயிட்டினமே, குளிசையும் போட்டாச்சு,” என்றார். வீட்டுக்கு வந்து பார்க்கும் நகரசபைத் தாதிகள் என்று எங்களை நினைத்துவிட்டார். நான் அந்த வேலைதான் செய்கிறவன், ஆனால் இன்றைக்கு அதற்காக வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டெடே முன்னே வந்து கையை நீட்டி, இந்த நாளுக்கென்று பாடமாக்கி வைத்திருந்த வசனத்தைச் சொன்னாள். “என்ரை பேர் ஹோல்ம்.” கிழவர் அவளுடைய கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் அவளுடைய முகத்தை நீண்ட நேரம் பார்த்தார். “எனக்கும் அதுதான் பேர்,” என்றார் கடைசியில். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

கோப்பி ஊற்றினார், டெடேயின் கேக்கை வெட்டினார். பிறகு ஒரு தடித்த பழைய பைபிளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதன் முன்பக்கத் தாள்களில் குடும்பத்தில் பிறந்தவர்களினதும் இறந்தவர்களினதும் பெயர்கள் பல கையெழுத்துகளில் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு இரண்டு குறிப்புகள், பிறப்பும் இறப்பும். ஒரு பெயருக்கு மட்டும் இறப்பு இல்லை. யாக்கோப் ஹோல்ம், கினேயாவில் தங்கிவிட்டான் என்று மட்டும் எழுதியிருந்தது. “வீட்டிலை இளைய மகன். கோட்டையிலை எழுத்து வேலைக்குப் போனவர். அங்கை ஒரு பொம்பிளையோடை இருந்திட்டார், தாய் தேப்பனை மறந்திட்டார் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம். அவற்றை தாய் சாகும் வரைக்கும் துறையிலை போய் நிண்டு பாக்கிறவவாம். எங்கடை வீட்டிலை நன்றி இல்லாத பிள்ளையளை யாக்கோப் எண்டுதான் பேசுறது.”

நான் இதைச் சொல்லச் சொல்ல டெடே தலையை ஆட்டத் தொடங்கினாள். ஆமோதிப்பு இல்லை, மறுப்பு. “இல்லை. இல்லை. யாக்கோப் எண்ட பேர் எங்கடை வீட்டிலையும் இருக்கு, ஆனா அவர் தங்கேல்லை. பிள்ளை பிறந்து நடக்கத் துவங்கின காலத்திலை, ஊருக்குப் போட்டு வாறன் எண்டு கப்பல் ஏறினவர். திரும்பி வரேல்லை. வெள்ளைக்காரன் தன்ரை வீட்டுக்குப் போய்ச் சேந்தவுடனை எங்களை மறந்திட்டான் எண்டுதான் எங்கடை வீட்டிலை சொல்லுவினம். எங்கடை வீட்டு வாசல் இப்பவும் கடலைப் பாத்துத்தான் இருக்கு.” நான் அதை நொஸ்க்கில் சொன்னேன். கிழவர் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, பைபிளில் அந்த வரியை மறுபடி வாசித்தார். இரண்டு கரைகளிலும் இரண்டு வீடுகள், அவன் மற்ற வீட்டில் சுகமாக இருக்கிறான் என்று நம்பி, இத்தனை தலைமுறையாக அவனைக் கோபித்துக்கொண்டிருந்திருக்கின்றன. அவன் இரண்டுக்கும் போய்ச் சேரவில்லை. கடலில்தான் எங்கேயோ போயிருக்க வேண்டும், காய்ச்சலிலோ புயலிலோ.

எனக்கு அப்போது ரவியின் நினைவு வந்தது. அக்ராவின் பின்னறையில் என் பக்கத்துப் பாயில் படுத்தவன். ஏஜென்சி அவனை வேறொரு வழியால் அனுப்பினான். இங்கே வந்து பல வருடங்களுக்குப் பிறகும் அவனுடைய தாய் எனக்குத் தொலைபேசி எடுப்பார். அவன் உங்கை உங்களோடைதானே தம்பி, எங்களிலை என்ன கோபமெண்டு கேட்டுச் சொல்லும் என்பார். நாங்களோ அவன் ஊருக்குத் திரும்பிப் போய் ஆரோடும் தொடர்பு வைக்க விரும்பாமல் இருக்கிறான் என்றுதான் கதைத்துக்கொண்டிருந்தோம். கோபம் என்று நம்புவது சாவு என்று நம்புவதைவிடச் சுலபம். அந்த மேசையில் இருந்த இரண்டு ஹோல்ம்களுக்கும் நான் இதைச் சொல்லவில்லை. நான் அங்கே மொழிபெயர்க்கத்தானே போயிருந்தேன்.

ஓலவ் எழுந்து உள்ளே போனார். மடித்த துணி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். யாக்கோப் கடைசியாக ஊருக்கு அனுப்பிய பெட்டகத்தில் இருந்ததாம். அந்தக் குடும்பத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குக் கொண்டுபோகும்போது இதில்தான் சுற்றுவார்களாம். “நானும் இதுக்குள்ளைதான் போனனான். நாங்கள் இதைக் கினேயாத் துணி எண்டு சொல்லுவம்,” என்று சொல்லி மேசையில் விரித்தார். பருத்தித்துணி, மெல்லியது, பழுத்த வெண்மை. அதில் கொடியும் பூவும் பறவையும். எல்லாம் கையால் வரைந்தவை. பூக்களின் சிவப்பு நேற்றுத் தோய்த்ததுபோல இருந்தது. ஆபிரிக்கத் துணி என்று கிழவர் பெருமையோடு டெடேயைப் பார்த்தார்.

டெடே தொடவில்லை. கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள். “இது எங்கடை துணி இல்லை. இது கப்பலிலை வந்த துணி. இப்பிடியான துணியளைக் குடுத்துத்தான் எங்கடை ஆக்களை வாங்கினவை. சொல்லும் அவருக்கு.”

நான் சொன்னேன். ஆனால் அப்படியே சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இப்படியான துணிகள் அங்கே வியாபாரப் பண்டமாக வந்தவையாம் என்று சொன்னேன். எண்பத்தைந்து வயது மனிதர், தான் பிறந்த உடனே சுற்றப்பட்ட துணி. எனக்கு நாக்கு எழவில்லை. டெடே என் பக்கம் திரும்பினாள். “நீர் மாத்திச் சொல்லிப்போட்டீர். மனுசர் எண்ட சொல்லு உம்மடை வாயிலையிருந்து வரேல்லை. அந்தச் சொல் எனக்கும் தெரியும்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “எங்கடை வீட்டிலையும் அடிமையள் இருந்தவை. யாக்கோப்பின்ரை மகளுக்குப் பிறகு வந்தவை பணக்காரர். வித்ததும் எங்கடை ஆக்கள், விக்கப்பட்டதும் எங்கடை ஆக்கள். நான் ஆரையும் குற்றம் சொல்ல வரேல்லை. ஆனா சொல்லுறதைச் சரியாச் சொல்லும்.”

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் சொன்ன எல்லாவற்றையும் ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னேன். ஓலவ் கேட்டார். அவருடைய விரல்கள் துணியின் ஓரத்தைத் தடவியபடி இருந்தன. பிறகு என்னிடம், “அப்ப இது எங்கையிருந்து வந்தது?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியும் என்று அதுவரை நான் எண்ணவில்லை. அவர் துணியை மடிப்பதற்காக ஒரு மூலையைத் திருப்பினார். பின்பக்கத்தில், மூலையோடு, மைபோல ஏதோ ஒன்றால் எழுதிய சின்னக் குறி. “சின்னனிலை நாங்கள் இதை எறும்பு எண்டு சொல்லுவம்,” என்றார். நான் குனிந்து பார்த்தேன். பிறகு என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அது ‘உ’. சுழித்து, நீட்டி, ஒரு கோட்டில் எழுதிய ‘உ’. அதன் கீழே இன்னும் இரண்டு எழுத்துகள் ஊறிப் பரவியிருந்தன. அவற்றில் ஒன்று ‘ம’ என்று மட்டும் தெரிந்தது.

கடிதமோ கடைக்குப் போகும் துண்டோ எதை எழுதினாலும் மேலே ‘உ’ போட்டுவிட்டு எழுதுகிற ஆள் நான். இந்த நாட்டின் வரிப் படிவத்தில்கூட ஒருமுறை போட்டுவிட்டு அபிராவிடம் ஏச்சு வாங்கியவன். அந்தச் சுழி, நோர்வேயின் தெற்குக் கரையில், ஒரு படகுத் தச்சரின் சாப்பாட்டு மேசையில், அவர்களுடைய பாட்டன் பூட்டன் எல்லாரையும் சுற்றிய துணியில் இருந்தது. எங்கள் கரையில் யாரோ ஒருவர் இந்தத் துணியின் முன் குந்தியிருந்து, கையால் அதை எழுதியிருக்கிறார். அது பிள்ளையார் சுழியோ, பழைய இலக்கத்தில் இரண்டோ எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே வடிவம்தான். ஆனால் அந்தக் கை ஒரு தமிழ்க் கை. அதிலிருந்து தரங்கம்பாடி, கொப்பன்ஹேகன், கினேயா, பிறகு இந்த வீடு. உலகம் இவ்வளவு பெரியது என்பதும் இவ்வளவு நெருங்கிக் கட்டப்பட்டது என்பதும் ஒரே நேரத்தில் என் நெஞ்சில் இறங்கியது. கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

பிறகு அபிரா தன் விரிவுரையாளர் ஒருவரிடம் நான் எடுத்த படங்களைக் காட்டினாள். சோழமண்டலக் கரையில் எழுதுகோலால் வரைந்து சாயமிட்ட துணிதான் என்று அவர் உறுதியாகச் சொன்னார். அந்த வெளிறாத சிவப்பு சாயவேரிலிருந்து வருவது என்றும் சொன்னாராம். சாயவேர் என்றவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மணலைக் கிண்டி எடுத்து அந்தக் கரைக்கு ஏற்றிய வேர் அது. அரசாங்கம் ஒரு சாதியை அந்த வேலைக்கென்றே வைத்து வாட்டியது என்று படித்திருக்கிறேன். பரீட்சைக்காகப் படித்த ஒரு வரி. அந்தப் பூவில் எங்கள் மண்ணின் வேர் இருந்ததா, கரையின் வேறெங்காவது முளைத்ததா என்று யாரும் சொல்ல முடியாது. வேரைக் கிண்டியவனுக்கும் துணியை வரைந்தவனுக்கும் அது எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்காது. ஆபிரிக்காவின் கதையை ஆபிரிக்காவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஐரோப்பாவை மட்டும் சேர்த்துச் சொன்னாலும் போதாது. எங்களையும் சேர்க்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த மேசையில் நான் சொன்னது கொஞ்சம்தான். இது என் மொழியின் எழுத்து, எதையும் தொடங்குவதற்கு முன்னர் நாங்கள் இதை எழுதுவோம் என்று இரண்டு மொழிகளிலும் சொன்னேன். ஓலவ் அந்த எறும்பை நெடுநேரம் பார்த்தார். “அப்ப நாங்கள் எல்லாரும் இதோடைதான் துவங்கியிருக்கிறம்,” என்றார். டெடே என்னையே பார்த்தாள். நான் அவளுடைய வீட்டு வாசலில் கடிதத்தோடு நின்ற அன்று இருந்த ஆள் இல்லை என்பதுபோலப் பார்த்தாள். “நீரும் இதுக்குள்ளை இருக்கிறீர்,” என்றாள். பிறகு முதன்முறையாகக் கையை நீட்டி, அந்த எழுத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

கிழவர் துணியை அவள் பக்கம் தள்ளி, நீங்கள் கொண்டுபோங்கோ என்றார். அவள் மறுத்தாள். என் பக்கம் தள்ளினார். எனக்கு அதை எடுக்க என்ன உரிமை? இதை வாங்கியவர்கள் எங்கள் ஆட்களுக்கு ஏதோ கொடுத்துவிட்டுத்தானே வாங்கியிருப்பார்கள். நானும் மறுத்தேன். கடைசியில் மூன்று பேருமாகச் சேர்ந்துதான் அதை மடித்தோம். துணி பெரியது, மேசையும் பெரிதில்லை, ஒருவர் பிடிக்க ஒருவர் மடிக்க வேண்டியிருந்தது. பிறகு ஓலவ் பேனாவை எடுத்தார். யாக்கோப்பின் மகளின் பெயர் என்ன என்று கேட்டார். “டெடே,” என்றாள் டெடே. “மூத்த மகள். அவவின்ரை பேரைத்தான் எனக்கும் வைச்சவை.” அவர் பைபிளின் அந்தப் பக்கத்தில் ‘கினேயாவில் தங்கிவிட்டான்’ என்ற வரியைக் கோடு போட்டு வெட்டினார். அதன் பக்கத்தில் ‘வீட்டுக்கு வரும் வழியில்’ என்று எழுதினார். எந்த வீட்டுக்கு என்று எழுதவில்லை. நான் வாசித்துக் காட்டியபோது டெடே அழுதாள். கீழே மகளின் பெயரை எழுதும்போது எழுத்துகளை ஒவ்வொன்றாக அவளே சொன்னாள்.

புறப்படும்போது பிற்பகல் வெயில் நன்றாக இருந்தது. ஓலவ் எங்களோடு துறைவரைக்கும் நடந்து வந்தார். கடல் அசைவில்லாமல், வெளிறிய நீலத்தில் கிடந்தது. யாக்கோப்பின் தாய் நின்றது இந்த இடத்திலாகத்தான் இருக்குமென்று சொன்னார். அவருக்கும் டெடேக்கும் நடுவில் நான் நின்றேன், இரண்டு பக்கமும் சொல்வதற்கு வசதியாக. அப்போது அயல்வீட்டுப் பெண்மணி ஒருத்தி நாயோடு வந்தாள். எங்களைக் கண்டு நின்று வணக்கம் சொன்னாள். இந்தக் கிராமத்தில் எங்கள் நிறத்தில் இரண்டு பேர் ஒன்றாக நிற்பது அடிக்கடி காணும் காட்சி அல்ல. ஓலவ் டெடேயின் தோளில் கை வைத்து, “ஸ்லெக்ட்,” என்றார். சொந்தக்காரர் என்று அர்த்தம். அந்தப் பெண்மணியின் வாய் கொஞ்சம் திறந்து மூடியது. பிறகு என்னைப் பார்த்தாள். “அப்ப இவர்?” என்று கேட்டாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். “தொல்க்,” என்றார் ஓலவ். மொழிபெயர்ப்பாளர். “மை பிரதர்,” என்றாள் டெடே. பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள், மற்றவர் என்ன சொன்னார் என்று கேட்பதற்காக. நான் ஒருவர் பக்கம் திரும்பி ஒன்றையும், மற்றவர் பக்கம் திரும்பி மற்றதையும் சொன்னேன். நாய் என் சப்பாத்தை முகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்மணி இன்னமும் என் பதிலுக்காக நின்றாள்.